தக்காளி வேரில் முடிச்சு: நூற்புழுவைத் தாங்கும் அடிச்செடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. பதினொரு குடும்பங்கள் பாத்தி பிரித்துக்கொண்டு கத்தரி, வெண்டை, பயற்றங்காய், தக்காளி போடுகிறோம். போன தீபாவளிக்கு முந்தின வாரம் நான்கு பாத்தித் தக்காளி ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்து படுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் வேராக இல்லை. இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. காரணம் வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. அதைத் தாங்கும் வேறொரு செடியின் வேரில் (அடிச்செடியில்) தக்காளியை ஒட்டி நடுவது பற்றித்தான் இந்தப் பக்கம். அன்றிலிருந்து தோட்டத்தில் நேரில் கேட்டவர்களும் வாட்சாப்பில் கேட்டவர்களும் நிறையப் பேர். ஆளுக்கொரு பதிலைத் துண்டு துண்டாக அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

அக்கா, செடி மத்தியானம் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது. இது நூற்புழுவா, வாடல் நோயா?

இரண்டுமாகவும் இருக்கலாம். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாடிய செடியின் தண்டை அடியில் அறுத்து, ஒரு விரல் நீளத் துண்டை கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீரில் தொங்கவிடுங்கள். அசைக்காதீர்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிப்போய், இரண்டு மூன்று நாளில் திரும்ப எழாமல் போவதும் அதன் குணம்.

நூற்புழு அப்படி ஒரேயடியாகக் கொல்லாது. செடி வளர்ச்சி குன்றும், அடி இலை மஞ்சளாகும், மண் ஈரமாக இருந்தும் உச்சி வெயிலில் வாடும், மாலையில் தெளியும். உரம் போதவில்லை என்று நினைத்து நாமும் உரத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம். இதற்கு ஒரே சாட்சி வேர்தான். செடியை இழுக்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுத்தால் முடிச்சுள்ள சன்ன வேர்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், வேர் சுத்தமாக இருப்பதாக ஏமாந்துபோவோம். ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மெதுவாக அலசி, வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். மணி கோத்தது போல முடிச்சுகள் தெரியும். முடிச்சின் மேல் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பாக, பசை போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது முட்டைத் திரள். சமையலுக்கு வைத்திருக்கும் சிவப்புக் கலரைத் தண்ணீரில் கரைத்து அந்த வேரைக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் முட்டைத் திரள்கள் மட்டும் சிவந்து எடுப்பாகத் தெரியும். என் தட்டில் ஒரு விரற்கடை நீள வேரில் பதினாறு எண்ணினேன். அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் பக்கத்துப் பாத்திக்காரர் உர மூட்டையைக் கீழே வைத்தார்.

புழு துளைத்த வேர் வழியாக வாடல் பாக்டீரியா சுலபமாக நுழையும். அதனால் இரண்டும் சேர்ந்து வருவது நம் பக்கத்தில் சாதாரணம்.

பயற்றங்கொடி வேரிலும் முடிச்சு இருக்கிறது. அதையும் பிடுங்கிவிடவா?

வேண்டாம். நகத்தால் தட்டினால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பவை தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சுகள். வேரே வீங்கி, தட்டினாலும் பிரியாமல் இருந்தால்தான் நூற்புழு. பயற்றங்கொடிக்கும் அது வரும்.

கண்ணுக்கே தெரியாத புழு இவ்வளவு பெரிய முடிச்சை எப்படி உண்டாக்குகிறது?

முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். மண் ஈரத்தில் நீந்தி வந்து, வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ளே நுழைகிறது. நீரும் சத்தும் ஓடும் குழாய்களின் பக்கத்தில் தலையை வைத்து ஓரிடத்தில் தங்கிவிடும். அங்கே தன் எச்சிலால் சில செல்களை மாற்றி, அவற்றைப் பல மடங்கு பருக்க வைக்கிறது. அந்த ராட்சத செல்கள்தான் அதன் சோற்றுப் பானை. செடி இலைக்கும் காய்க்கும் அனுப்ப வேண்டியது அந்தப் பானைக்குப் போகிறது. சுற்றியுள்ள திசு வீங்குவதைத்தான் நாம் முடிச்சு என்கிறோம்.

பெண் புழு பேரிக்காய் வடிவத்தில் உப்பி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசைக்குள் இடும். வெப்பநாட்டில் அதிகம் காணப்படும் இனங்களுக்கு முட்டையிட ஆண் புழுவே தேவையில்லை. நம்முடைய மண் சூட்டில் ஒரு தலைமுறை சுமார் நான்கு வாரம். தக்காளி ஒரு போகம் முடிவதற்குள் மூன்று தலைமுறை ஓடிவிடும். நடும்போது கொஞ்சமாக இருந்தது கடைசிப் பறிப்பின்போது பாத்தி முழுக்க இருப்பது இதனால்தான்.

விதைப் பாக்கெட்டில் 'என்' எழுத்து போட்டிருந்தது. நூற்புழு வராது என்று நம்பித்தான் வாங்கினேன். முடிச்சு வந்துவிட்டதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தையே நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கேள்விக்காகத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தக்காளியில் நூற்புழு எதிர்ப்பு என்று உலகம் முழுக்க விற்கப்படுவது அநேகமாக ஒரே மரபணுவை நம்பியது. அதன் பெயர் மி. பெரு நாட்டைச் சேர்ந்த ஒரு காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. அந்தக் காட்டு இனத்தையும் நாம் சாப்பிடும் தக்காளியையும் சேர்த்தால் கரு விதைக்குள்ளேயே செத்துவிடும். 1944-இல் கலிபோர்னியாவில் ஸ்மித் என்ற ஆய்வாளர் அந்தக் கருவைச் சாகுமுன் வெளியே எடுத்து, ஊட்டக் கரைசலில் வளர்த்து ஒரு செடியைப் பிழைக்க வைத்தார். இன்று கடையில் கிடைக்கும் எதிர்ப்பு ரகங்கள் அந்த ஒரு செடியின் வழித்தோன்றல்கள். மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. 1998-இல் அதைத் தனியே பிரித்தெடுத்து முழுதாகப் படித்துவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. புழு வேருக்குள் நுழைவதை அது தடுப்பதில்லை. புழு தலை வைத்த இடத்தில் உள்ள செல்கள் ஒரு நாளுக்குள் தாங்களே செத்துவிடுகின்றன. சோற்றுப் பானை உருவாவதே இல்லை. புழு பட்டினி கிடந்து அழிகிறது, அல்லது வெளியேறுகிறது.

இனி நமக்குள்ள சிக்கல். மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டும்போது இந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். 1969-லேயே இது பதிவாகிவிட்டது. புழு நுழைந்த முதல் இரண்டு மூன்று நாள் மண் சூடாக இருந்தாலே போதும், அது பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு மண் குளிர்ந்தாலும் பயனில்லை. குறுகிய காலச் சூட்டுக்குப் பிறகு செடிக்கு எதிர்ப்பு மெல்லத் திரும்ப வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளியில் குடியேறியவை குடியேறியவைதான்.

பினாங்கில் கடல் மட்டத்தில் காற்றின் நாள் சராசரியே 27, 28 டிகிரி. வெயில் விழும் மண் அதற்கு மேல். ஒரு மாசி மாதப் பிற்பகலில் சமையலறை வெப்பமானியைப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் குத்திப் பார்த்தேன், 31 காட்டியது. பக்கத்தில் கறுப்பு பாலிபேக்கில் 36. குளிர்நாட்டுப் பசுமைக்குடிலில் பிரமாதமாக வேலை செய்யும் எழுத்து, நம் மண்ணில் அரைகுறையாகத்தான் காவல் காக்கும். விதைக் கம்பெனிகள் பலவும் பாக்கெட்டில் 'ஐஆர்' என்று போடுவதைக் கவனியுங்கள். அது இடைநிலை எதிர்ப்பு. 'எச்ஆர்' என்றால் உயர்நிலை எதிர்ப்பு. கூடவே 'எம்ஏ, எம்ஐ, எம்ஜே' என்று இருக்கும். அவை மெலாய்டோகைனி என்ற வேர்முடிச்சுப் புழுப் பேரினத்தில் அரினேரியா, இன்காக்னிடா, ஜாவானிகா என்ற மூன்று இனங்களின் முதலெழுத்துகள். அந்த மூன்றைத் தவிர மற்ற இனங்களுக்கு அந்தப் பாக்கெட் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

அப்படியானால் கேமரன் மலையில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

அங்கே உயரம் 1,000 மீட்டருக்கு மேல். பெரும்பாலான தோட்டங்கள் 1,500 மீட்டரை ஒட்டி. மண் 28 டிகிரியைத் தொடுவது அரிது, மி மரபணு முழு பலத்தோடு நிற்கும். நம் பினாங்குக் கொடிமலை உச்சியில் போட்டாலும் கீழே இருப்பதைவிட நன்றாகத் தாங்கும். கீழே தாழ்நிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில், நிபோங் தெபாலில், பாயான் லெப்பாஸில் அதே விதையை அதே நம்பிக்கையோடு போட முடியாது.

மண் சூட்டை நாமே குறைத்தால்?

குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். காய்ந்த லாலாங் புல்லோ வைக்கோலோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் என் பாத்தியில் பிற்பகல் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிடுங்கள்; வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும் விரிப்பு பரவாயில்லை. பாலிபேக்கை வெள்ளைச் சாக்கால் சுற்றுங்கள். ஆனால் மூடாக்கை மட்டும் நம்பி நூற்புழு உள்ள மண்ணில் 'என்' ரகத்தை நட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இது துணைக்கு வரும் வேலை, அவ்வளவுதான்.

அடிச்செடி என்றால் என்ன? எதைத் தேர்ந்தெடுப்பது?

வேருக்கு ஒரு செடி, காய்க்கு ஒரு செடி. கீழே இருப்பது அடிச்செடி, மேலே ஒட்டுவது நமக்குப் பிடித்த தக்காளி. ரம்புத்தான், டுரியான் கன்று வாங்கியவர்களுக்கு ஒட்டுக்கன்று புதிதில்லை. காய்கறியில் அதை நாற்றுப் பருவத்திலேயே செய்கிறோம்.

தக்காளிக்கு அடிச்செடி இரண்டு குடும்பத்திலிருந்து வருகிறது.

ஒன்று தக்காளிக் கலப்பு. மேக்ஸிஃபோர்ட், பியூஃபோர்ட் போன்றவை நாம் சாப்பிடும் தக்காளியையும் ஒரு காட்டுத் தக்காளி இனத்தையும் சேர்த்து உண்டாக்கியவை. வேர் அசுர வேகத்தில் வளரும், ஒட்டு சுலபமாகப் பிடிக்கும். ஆனால் நூற்புழுவுக்கு இவையும் மி மரபணுவைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் மேலே சொன்ன சூட்டுப் பிரச்சினை இவற்றுக்கும் உண்டு. இன்னொரு விஷயமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் நடந்த சோதனை ஒன்றில் பியூஃபோர்ட் மேல் ஒட்டிய தக்காளி நல்ல மகசூல் தந்தது, ஆனால் அதன் வேரில் புழு தாராளமாகப் பெருகியது. செடி தாங்கிக்கொண்டது, புழுவைத் தடுக்கவில்லை. இது தாங்குதிறன், எதிர்ப்புத்திறன் வேறு. இந்தப் போகம் காய் கிடைத்துவிடும். அடுத்த போகத்தில் அதே பாத்தியில் வெண்டை போடுபவர் அழுவார்.

இரண்டாவது, கத்தரி இனம். எனக்கு நம்பிக்கை இதில்தான். தைவானில் தலைமையகம் வைத்திருக்கும் உலகக் காய்கறி மையம், வெயிலும் மழையும் சேர்ந்து வரும் பருவத்தில் தக்காளி போடுவதற்கென்றே இஜி195, இஜி203 என்ற கத்தரி வகைகளை அடிச்செடியாகப் பரிந்துரைத்திருக்கிறது. பாக்டீரியா வாடல், தண்ணீர் தேங்குதல், இன்காக்னிடா நூற்புழு மூன்றையும் தாங்கும் என்பதால். வியட்நாமின் செவ்வாற்றுச் சமவெளியில் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டி நடுகிறார்கள். ஐப்பசி மழையில் நம் லோங்காங் (வடிகால்) நிரம்பிப் பாத்திக்குள் தண்ணீர் ஏறும்போது தக்காளி வேர் ஒரே நாளில் மூச்சுத் திணறும். கத்தரி வேர் தாக்குப்பிடிக்கும். நமக்கு இது ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

ஆனால் சந்தைக் கத்தரிக்காயை அறுத்து விதை எடுத்து அடிச்செடி ஆக்காதீர்கள். சாதாரணக் கத்தரி நூற்புழுவுக்கு விருந்து. தேர்ந்தெடுத்த வகைதான் வேண்டும். வாங்கும்போது பாக்டீரியா வாடலுக்கும் நூற்புழுவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றைத் தாங்கும் வகை மற்றதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்டாக ஹவாய் 7996 என்ற தக்காளி வகை வாடலுக்குப் பேர்போன அடிச்செடி. நூற்புழுவுக்காக அதைத் தேடிப் போக வேண்டாம்.

நம் வீட்டுச் சுண்டைக்காய்ச் செடியில் தக்காளியை ஒட்டலாமா? அது எந்த மண்ணிலும் சாகாமல் நிற்கிறதே.

பாட்டி காலத்துக் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வத்தக்குழம்புக்குப் போடும் சுண்டைதான். மலாயில் தெருங் பிப்பிட். பொதுவான வேர்முடிச்சு இனங்களுக்கும் பாக்டீரியா வாடலுக்கும் நல்ல எதிர்ப்பு உள்ள செடி. ஜப்பானில் பல வருடமாகக் கத்தரிக்கு அடிச்செடியாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கத்தரி போடுகிறீர்கள் என்றால் தயங்காமல் சுண்டையில் ஒட்டுங்கள். தக்காளிக்கு நான் இரண்டாவது இடம்தான் கொடுப்பேன். ஒட்டு முதலில் பிடிப்பது போல் தெரியும். காய் சுமக்கும் நேரத்தில் ஒட்டிய இடம் வீங்கி, சில செடிகள் சோர்ந்துவிடும். நான் போட்ட ஆறில் நான்கு கடைசிவரை நின்றன. அந்த நான்கின் வேரையும் முடிவில் தோண்டிப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூட இல்லை. பக்கத்தில் சொந்த வேரில் நின்ற தக்காளியின் வேர் இருந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அது சாதாரணமாகத் தோன்றாது.

விதை முளைப்பதில் பொறுமை வேண்டும். பழுத்த காயிலிருந்து எடுத்த விதை பல வாரம் உறங்கும், முளைத்தாலும் ஒரே சீராக வராது. நர்சரிகளில் ஜிபெரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கிக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து உறக்கத்தைக் கலைக்கிறார்கள். விதையை ஆழமாகப் புதைக்காமல் வெளிச்சம் படும்படி மேலாகத் தூவுங்கள். நாற்று மெதுவாகப் பருக்கும்; தக்காளிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பே விதைக்க வேண்டும்.

ஊமத்தையும் அதே குடும்பம்தானே? அதில் ஒட்டினால்?

கூடவே கூடாது. ஊமத்தை வேரில் உண்டாகும் நஞ்சு தண்டு வழியாக மேலேறித் தக்காளிப் பழத்துக்கே வந்துவிடும். அமெரிக்காவில் அப்படி ஒட்டிய தக்காளியைச் சாப்பிட்டவர்கள் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். சிவனுக்குச் சாத்துங்கள், தோட்டத்துக்கு வேண்டாம்.

ஒட்டுக்கட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். பிளேடு பிடித்தால் கை நடுங்குகிறது.

இரண்டு செடியும் ஊதுபத்திக் குச்சி தடிமனுக்கு வர வேண்டும், இரண்டு மூன்று நிஜ இலையோடு. கத்தரி அடிச்செடி மெதுவாக வளரும் என்பதால் அதை மூன்று நாலு நாள் முன்னதாக விதைப்பேன். இரண்டையும் குழித்தட்டில், புதுக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) மட்டும். பழைய மண்ணில் நாற்று விட்டால் ஒட்டும் முன்பே புழு ஏறிவிடும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு உட்காருங்கள். கையையும் பிளேடையும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். அடிச்செடியைச் சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டுங்கள், அறுக்கக் கூடாது. அடிச்செடி தக்காளியாக இருந்தால் வித்திலைக்கு (முளைக்கும்போது முதலில் விரியும் இலைக்கு) கீழே வெட்டுங்கள், இல்லாவிட்டால் வித்திலைக் கக்கத்திலிருந்து அது துளிர்த்துக்கொண்டே இருக்கும். மேல்செடியையும் அதே சாய்வில் வெட்டி, பெரிய இலையைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீள ரப்பர் குழாயையோ சிலிக்கான் கிளிப்பையோ அடிச்செடியில் பாதி ஏற்றி, மேலிருந்து மற்றதைச் செருகுங்கள். இரண்டு வெட்டு முகமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். குழாய் ஊடாக வெளிச்சத்தில் பார்த்தால் நடுவே காற்றுக் கோடு தெரியும். தெரிந்தால் திரும்ப அழுத்துங்கள். தடிமன் வித்தியாசமாக இருந்தால் ஒரு பக்க விளிம்பாவது நேராகச் சேர வேண்டும்.

அதற்குப் பிறகு மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டி. அடியில் தண்ணீர் ஊற்றி, தட்டு தண்ணீரைத் தொடாதபடி இரண்டு செங்கல் மேல் வையுங்கள். உள்சுவரில் நீர் முத்து முத்தாக நிற்க வேண்டும். முதல் மூன்று நாள் இருட்டிய நிழலில், மூடியைத் திறக்காமல். ஒட்டிய இடத்தில் நேராகத் தண்ணீர் படக் கூடாது. நாலாம் நாளிலிருந்து மூடியைக் காலையில் கொஞ்ச நேரம் விலக்கி, தினம் நேரத்தைக் கூட்டுங்கள். ஏழு எட்டு நாளில் வெளியே எடுத்து, இன்னொரு வாரம் வலை நிழலில்.

என் முதல் தட்டில் இருபத்து நாலு ஒட்டினேன், பதினேழு செத்தது. இரண்டாம் நாளே ஆசையில் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். மேல்செடிக்கு அப்போது வேர்த் தொடர்பே இல்லை. காற்று ஈரம் ஒன்றுதான் அதன் உயிர். அடுத்த தட்டில் மூடிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். நாலுதான் போனது.

தக்காளியை ஆழமாகப் புதைத்து நடச் சொல்வார்களே, ஒட்டுச்செடியையும் அப்படியா?

இல்லை. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். மண் பட்டால் மேல்செடி தன் சொந்த வேரை இறக்கிவிடும். அந்த வேரில் புழு ஏறும், வாடலும் ஏறும். பட்ட பாடு வீண். மண் அணைக்கும்போதும் இதை மறக்காதீர்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைப் பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தரிதான் காய்க்கும்.

கத்தரி வேரில் நின்றால் பழத்தின் ருசி மாறுமா?

பழம் மேல்செடியின் இனப்படிதான் இருக்கும். சில சமயம் பழம் சற்றே சிறுத்து, இனிப்புக் கூடும். பழத்தின் நுனி கறுத்து அழுகுவது கத்தரி வேரில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதுண்டு. தண்ணீரை ஒரே சீராக விட்டு, மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் அடங்கும்.

எதிர்ப்புள்ள அடிச்செடியைத் திரும்பத் திரும்ப நட்டால் மண் சுத்தமாகிவிடுமா?

குறையும், சுத்தமாகாது. அதோடு ஒரே மரபணுவையே வருடக் கணக்கில் நட்டுக்கொண்டிருந்தால் அதை மீறக் கற்ற புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். கலிபோர்னியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மி மரபணுவை மீறிய புழுக்கள் வயலிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஒட்டுச்செடியை ஒரு போகம் போட்டால் அடுத்த போகம் வேறு ஏதாவது செய்யச் சொல்கிறேன்.

வேறு ஏதாவது என்றால்? செண்டுமல்லி நட்டால் போதும் என்கிறார்களே.

செண்டுமல்லி உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் தக்காளிக்கு நடுவே அழகுக்கு நாலு செடி வைத்தால் ஒன்றும் நடக்காது. பாத்தி முழுக்க நெருக்கமாக அதை மட்டும் இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். அதன் வேருக்குள் போகும் புழுவைத்தான் அது கொல்கிறது. குட்டையாக வளரும் பிரெஞ்சு வகை அதிகம் நம்பத்தக்கது. நாங்கள் தைப்பூசத்துக்கு அறுக்கும்படி விதைத்தோம். பூவைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவர்களுக்குக் கொடுத்தோம், செடியை அங்கேயே மடக்கிப் போட்டோம். நடுவில் புல் முளைத்தாலும் களை முளைத்தாலும் பிடுங்க வேண்டும், புழு அதில் ஒளிந்து பிழைக்கும்.

சணப்பையும் அதே போல நல்லது. வேப்பம் புண்ணாக்கு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஈர மண்ணில் கலந்துவிடுங்கள். மண்ணை நனைத்து, தெளிவான பிளாஸ்டிக்கை இறுக்கிப் போர்த்தி வெயிலில் வேகவைப்பதற்கு பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி தவிர வேறு நல்ல மாதம் இல்லை. நாலிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். முன்பு எல்லாரும் தூவிய கார்போஃபியூரான் குருணை மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. யார் வீட்டிலாவது பழைய பாக்கெட் இருந்தால் தொடாதீர்கள்.

தோட்டத்து ஓரத்தில் கொய்யா மரம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கக்கூடும். என்டரோலோபியை என்ற ஒரு வேர்முடிச்சு இனம் 1983-இல் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்டது. கொய்யாவை அது மிகவும் விரும்பும். தாய்லாந்திலும் வியட்நாமிலும் கொய்யாவில் பதிவாகியிருக்கிறது, தமிழ்நாட்டிலும் கொய்யாத் தோட்டங்களைக் கெடுத்திருக்கிறது. மி மரபணு இதற்கு எதிராக ஒன்றும் செய்யாது, மண் குளிர்ந்திருந்தாலும்கூட. நல்ல எதிர்ப்பு அடிச்செடி, நல்ல மூடாக்கு எல்லாம் இருந்தும் வேர் கன்னாபின்னாவென்று வீங்கினால் இந்த இனத்தைச் சந்தேகியுங்கள். பார்த்து இனம் பிரிக்க நம்மால் முடியாது. வேரையும் மண்ணையும் ஈரம் காயாமல் பையில் கட்டி, விவசாய இலாகா அலுவலகத்தில் கொடுத்துக் கேளுங்கள். கொய்யாக் கன்று வாங்கும்போது பையைக் கழற்றி வேரைப் பார்த்து வாங்குங்கள்.

நான் தரையிலேயே போடுவதில்லை, எல்லாம் பிளாட் பால்கனியில் பையில்தான். எனக்கு எங்கிருந்து வந்தது?

நாற்றிலிருந்து. எங்கள் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஒரு நர்சரியில் வாங்கிய நாற்றை நடாமல் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தோம். பிறகு அலசிப் பார்த்தால் அந்தச் சின்ன வேரிலேயே முடிச்சு. அதற்குப் பிறகு யார் கொடுத்த நாற்றானாலும் பத்தில் ஒன்றையாவது கழுவிப் பார்க்காமல் பாத்திக்குள் விடுவதில்லை. பழைய பை மண்ணைத் திரும்பப் பயன்படுத்துவதும் இன்னொரு வழி.

மண்ணில் புழு இருக்கிறதா என்று சந்தேகமா? ஒரு சட்டியில் அந்த மண்ணை நிரப்பி வெள்ளரியோ சாதாரணத் தக்காளியோ நாலைந்து விதை போடுங்கள். ஐந்து வாரம் கழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை.

பிடுங்கிய வேரை என்ன செய்வது? குப்பைக் குழியில் போடலாமா?

குழியில் போட்டால் அது உரத்தோடு எல்லாப் பாத்திக்கும் போகும். கடைசிப் பறிப்பு முடிந்த அன்றே தோண்டுங்கள். தண்டை வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விட்டால் முட்டைகள் அங்கேயே பொரியும். தோண்டிய வேரை சிமெண்டுத் தரையில் பரப்பி நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவிட்டு, குப்பைப் பையில் கட்டி அனுப்பிவிடுங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் அந்தப் பாத்தியின் ஓரத்திலேயே கழுவுங்கள், அந்தத் தண்ணீர் மற்றவர் பாத்திப் பக்கம் ஓடாதபடி. நாங்கள் இப்போது நோய்ப் பாத்திக்கென்று ஒரு மண்வெட்டிக்கு சிவப்பு பெயிண்ட் அடித்துத் தனியாக வைத்திருக்கிறோம். அந்த மண்வெட்டியை வேறு யாரும் வேறு பாத்தியில் வைப்பதில்லை.